பதினைந்து பதினைந்தாக

கார்டு வாங்கப் போனது பஸ்ஸில்,
அவிநாசி வழி, நின்றுகொண்டே.
மடித்த தாளில் மூன்று அளவு எழுதியிருந்தேன்:
பெட்டிக்குள் கிடைக்கும் நீளம், இருபத்தாறு சென்டிமீட்டர்.
பவர் சப்ளை, ஐந்நூற்றைம்பது வாட்.
கையிருப்பு. அதை மட்டும் பென்சிலில்.

கிராஸ்கட் ரோட்டுச் சந்தில் சாதிக் கடை.
முதலில் எடுத்து வைத்ததற்கு
மூன்று காற்றாடி, விளிம்பெல்லாம் வானவில்.
"கேமுக்குங்களா, வேலைக்குங்களா?"
வேலைக்கு.
பனியன். துணியே இல்லாத பனியன்.
வெட்டாமல், தைக்காமல்,
சுருக்கம் விழும் இடம்வரை
ஹாம்பர்க் பையருக்குத் திரையில் காட்டும் வேலை.
"அப்ப லைட்டப் பாக்காதீங். மெமரியப் பாருங்."

எட்டு ஜிபி புதுசு, பன்னிரண்டு ஜிபி பழசு,
ஒரே விலை.
பழசு, ஈரோட்டு குடோன் ஒன்றில்
இரண்டு வருஷம் இரவும் பகலும் காயின் தோண்டியதாம்.
மறைக்காமல் சொன்னான். அதற்காகவே வாங்கினேன்.
எட்டு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
உழைத்து வந்ததைப் பழசென்று தள்ள
எனக்கு வாய் வராது.

திருப்பூர், ராயபுரம். கீழே என் அறை, மேலே கட்டிங் யூனிட்.
பத்து மணிக்கு அவர்கள் மெஷினை நிறுத்தியதும்
வோல்டேஜ் நிமிர்ந்து உட்காரும்.
அப்போதுதான் ஆரம்பித்தேன்.

பதினைந்து மெகாஹெர்ட்ஸ் ஏற்று.
பத்து நிமிஷம் ஓட்டு.
சூடு பார், நோட்டில் எழுது.
மறுபடி பதினைந்து.
சாயப்பட்டறையில் அறுபது டிகிரிக்கு ஏற்றுவதும் இப்படித்தான்,
அவசரப்பட்டால் துணி திட்டுத்திட்டாகக் குடிக்கும்.
மெமரியைத் தொடவில்லை.
இரண்டையும் சேர்த்து ஏற்றினால்
தப்பு யாருடையதென்று தெரியாது.
வோல்டேஜ் பக்கமே போகவில்லை.

நூற்றிருபது.
நூற்று முப்பத்தைந்து. எழுபத்தாறு டிகிரி.
நூற்றைம்பது.
நூற்றறுபத்தைந்தில்
நேவி ப்ளூ பனியனின் இடது தோளில்
பச்சையாய் ஒரு புள்ளி.

கை தானாகப் போய்
டிராயரிலிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்துத்
திரைமேல் ஒட்டிவிட்டது.
ஒட்டிய பிறகே உறைத்தது:
இது ஊசிக்கோடு இல்லை, நூல்முடிச்சு இல்லை,
எந்த மெஷின்காரனையும் கூப்பிட்டுத் திட்ட முடியாது.
ஓடிக்கொண்டே கணக்குப் போடும் ஒரு சில்லு
எங்கோ ஓர் எண்ணைத் தவறவிட்டிருக்கிறது.
புள்ளி நகர்ந்துவிட்டது.
அம்பு அங்கேயே.

நூற்றைம்பதுக்கு இறங்கினேன். சுத்தம்.
இன்னும் ஒரு பதினைந்து இறங்கினேன்,
வரப்போகிற சித்திரைக்காக.

அப்படியும் மணி இரண்டுக்கு எண்பத்துநாலு.
பத்து நிமிஷப் பரீட்சையில் ஒளிந்திருந்தது
ஒரு மணி நேர ஓட்டத்தில் வெளியே வந்தது.
அணைத்தேன். பிளக்கைப் பிடுங்கினேன்.
மூடியைத் திறந்தால்
பீச் கலர்.
போன மாசம் மேலே வெட்டிய ஆர்டர்
பஞ்சாய் இறங்கி
முன்வலையில் மெத்தை விரித்திருக்கிறது.
காற்றாடி சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு
பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன்.
ஒரு குழந்தைக்குத் தலையணை தைக்கலாம்.

ஜன்னலைத் திறந்தேன்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஆடிக்கு இரண்டு வாரம் முந்தியே வந்திருந்தது.
எழுபத்திரண்டு.

நைட் ட்யூட்டி முடிந்து வந்த பிலோமினா
யூனிஃபார்மோடு நின்று நோட்டைப் புரட்டினாள்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டிகிரி, டிகிரி, டிகிரி.
"யாருக்குக் காய்ச்சல்?"
சொன்னேன்.
"எவ்வளவு மிச்சம்?"
நாலு மணி நேரத்தில் பதினோரு நிமிஷம்.
அவள் சிரிக்கவில்லை.
பதினோரு நிமிஷத்தில் என்னென்ன நடக்குமென்று
ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பாள்.

எட்டு மணிக்கு மேலே கத்தி சுழன்றது.
குழல்விளக்கு ஒருமுறை கண்சிமிட்டியது.
கார்டைக் கம்பெனி அளவுக்கே இறக்கிவிட்டேன்,
பகலில் அது போதும்.

அம்பை இன்னும் உரிக்கவில்லை.
அதன்மேல் பேனாவால் எழுதியிருக்கிறேன்:
நூற்றறுபத்தைந்து.